ஐயரம்மாவா, ஐயரா? தேவாலயங்களில் பெண் குரு பற்றி ஒரு விசாரணை

(நமது திருவனந்தபுரம் நிருபர்)

சென்ற ஆண்டு ஆனி மாதம். விடாத மழை. திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியின் பிணவறை வாசலில் தமிழர்கள் பத்துப் பதினைந்து பேர் ஒதுங்கி நின்றிருந்தோம். நாங்குநேரிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர், சாரத்திலிருந்து விழுந்து மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்துபோனார். இங்கே அடக்கம் செய்து விடுவது என்று முடிவாகியிருந்தது. அவர் போய்வந்த சபையின் ஐயர் வெளியூர் போயிருந்தார். அவருக்குப் பதிலாக, அதே சபையில் உதவியாக இருந்த குருவானவர் வந்தார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, நனைந்த வெள்ளைச் சேலையைப் பிழிந்தபடி வந்தவர் ஒரு பெண்மணி.

காலை ரயிலில் ஊரிலிருந்து வந்திருந்த இறந்தவரின் அண்ணன் ஒரு பார்வை பார்த்தார். "பொம்பள ஜெபம் பண்ணியா எந்தம்பிய மண்ணுக்குள்ள வைக்கணும்? ஐயரு வரட்டும், காத்திருப்போம்" என்றார்.

யாரும் வாய் திறக்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த விதவைதான் பேசினாள். "மூணு ராத்திரி ஐ.சி.யூ. வாசல்ல எங்கூட உக்காந்திருந்தது இந்த அம்மாதான், அத்தான். கஞ்சி வாங்கித் தந்தது இவங்க. டாக்டர்கிட்ட மலையாளத்துல பேசினது இவங்க. எல்லாத்துக்கும் ஆகும், மண்ணு போட மட்டும் ஆகாதாக்கும்?"

அன்று மாலை மூன்று மணிக்கு அந்த அம்மையாரே அடக்க ஆராதனையை நடத்தினார். தமிழில் நடத்தினார். அண்ணனும் கடைசியில் ஒரு பிடி மண் போட்டார். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு ஊருக்குப் போனபோது, உள்ளூர் ஐயரை வீட்டுக்கு அழைத்து அடக்க ஜெபத்தை இன்னொரு தடவை வாசிக்கச் செய்தார்களாம். "எதுக்கும் இருக்கட்டும்" என்று.

அந்த "எதுக்கும் இருக்கட்டும்" என்ற சொல் இன்றுவரை என் மனத்தில் உறுத்துகிறது. ஒரு பெண் குரு செய்த சடங்கு செல்லுமா, செல்லாதா? கிறிஸ்தவ சபைகளில் பெண்கள் போதகராகவும் உபதேசியாகவும் இருக்கலாமா? கேரளத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் எழுகிற கேள்வி இது. இதைப் பற்றி விசாரித்து எழுதலாம் என்று புறப்பட்டேன்.

கூப்பிடச் சொல் இல்லை

முதல் சிக்கலே பெயரில் இருக்கிறது. குமரி, நெல்லை மாவட்டங்களில் சபைக் குருவை "ஐயர்" என்கிறோம். அவர் மனைவி "ஐயரம்மா". இப்போது ஒரு பெண்ணே குருவாகி வந்தால் அவரை என்னவென்று அழைப்பது? "ஐயரம்மா" என்றால் யாரோ ஓர் ஐயரின் மனைவி என்று ஆகிவிடும். மலையாளத்திலும் இதே இடைஞ்சல்தான். அங்கே குரு "அச்சன்". அப்பா என்று பொருள். அச்சனின் மனைவி "கொச்சம்மை". பெண்ணை அச்சன் என்பதா? அன்று பிணவறை வாசலில் நாங்களும் "அம்மா", "டீச்சர்", "மேடம்" என்று ஆளுக்கொரு விதமாகத்தான் கூப்பிட்டோம். ஒரு வேலையைச் செய்கிறவருக்குப் பெயர் இல்லை என்றால், அந்த வேலைக்கு அவரை நாம் இன்னும் மனத்தால் ஏற்கவில்லை என்றுதானே பொருள்?

ஒரு சாலை, மூன்று பதில்கள்

வாரவிடுப்பு நாளில் பாளையத்திலிருந்து கவடியார் வரை நடந்து பார்த்தேன். முக்கால் மணி நேர நடை. இந்தக் கேள்விக்கு உலகக் கிறிஸ்தவம் சொல்லும் மூன்று பதில்களும் இந்த ஒரே சாலையில் இருக்கின்றன.

பாளையத்தில் மசூதியும் கணபதி கோயிலும் இருக்கும் அதே சந்திப்பில் நிற்கிறது புனித சூசையப்பர் பேராலயம். லத்தீன் கத்தோலிக்கர்களின் தலைமைக் கோயில். இங்கே பதில்: "முடியாது." இயேசு பன்னிரண்டு அப்போஸ்தலர்களாகத் தேர்ந்தது ஆண்களை, பூசையில் குரு கிறிஸ்துவின் இடத்தில் நிற்கிறார், ஆகவே பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் திருச்சபைக்கே அதிகாரமில்லை என்று 1994 மே மாதத்தில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் எழுதினார். அந்த முடிவே இன்றும் நீடிக்கிறது. ஆனால் கற்பிக்கும் வேலையில் கத்தோலிக்கப் பெண்கள் குறைந்தவர்கள் அல்ல. அவிலாவின் தெரேசாள், சியன்னாவின் கேதரின் என்ற இரண்டு பெண் புனிதர்களை 1970-ல் "திருச்சபையின் ஆசிரியர்கள்" என்று ரோமாபுரி அறிவித்தது. பூசையில் வேதம் வாசிப்பவர், பீடத்தில் உதவுபவர் என்ற பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படி அளிக்கலாம் என்று 2021 ஜனவரியில் போப் பிரான்சிஸ் சட்டத்தையே திருத்தினார். பீடத்துப் படிவரை வரலாம், பீடம் ஏற முடியாது என்பது அங்குள்ள நிலை.

அங்கிருந்து மியூசியம் நோக்கி நடந்தால் எல்.எம்.எஸ். வளாகம். உள்ளே மட்டீர் நினைவு ஆலயம். லண்டன் மிஷன் இங்கே நட்ட மரம் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் பிறந்த தென்னிந்தியத் திருச்சபையோடு ஒட்டிற்று. மாநில எல்லை பிரிந்த பிறகு, 1959-ல் பழைய தென் திருவிதாங்கூர் பேராயமும் இரண்டாகி, தமிழ்ப் பகுதி கன்னியாகுமரிப் பேராயமாகவும் இந்தப் பகுதி தென் கேரள மகாயிடவகையாகவும் ஆயின. இங்கே பதில்: "முடியும்." 1976-ல் எலிசபெத் பால் தென்னிந்தியத் திருச்சபையில் முதல் பெண் குருவாக அபிஷேகம் பெற்றார். 2013 செப்டம்பரில் ஆந்திரத்தின் நந்தியால் பேராயத்துக்கு புஷ்பலலிதா பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் அவர்தான். இந்தத் திருச்சபை பிறந்து ஒரு பெண் குரு வர 29 ஆண்டுகள். அதன் பிறகு ஒரு பெண் பேராயர் வர இன்னும் 37 ஆண்டுகள்.

மியூசியம், வெள்ளையம்பலம் கடந்து கவடியார் போய்ச் சேர்ந்தால் இரட்சணிய சேனையின் தலைமையகம். இங்கே பதில்: "இதில் கேள்வி என்ன இருக்கிறது?" சேனையை நிறுவிய வில்லியம் பூத்தின் மனைவி கேதரின் பூத், பெண் பிரசங்கிக்கலாம் என்று வாதாடி 1859-லேயே ஒரு சிறு நூல் எழுதினார். 1882-ல் சேனை பம்பாயில் வந்திறங்கிய காலம் தொட்டு பெண் கேப்டன்களும் மேஜர்களும் உண்டு. 1934-ல் அவர்கள் மகள் எவாஞ்சலின் பூத் உலகம் முழுவதற்கும் ஜெனரலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஞானஸ்நானம், திருவிருந்து ஆகிய சடங்குகளைச் சேனை வைத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "பெண் கையால் அப்பம் வாங்கலாமா?" என்ற சண்டைக்கே அங்கு இடமில்லாமல் போயிற்று.

இந்தச் சாலையில் இல்லாத பதில்களும் உண்டு. மார்த்தோமா சபையில் பெண்களின் சேவிகா சங்கம் 1919 முதல் இருக்கிறது, குருப்பட்டம் இல்லை. பிரதரன் கூட்டங்களில் பெண்கள் முக்காடிட்டு மௌனமாக இருப்பார்கள். பெந்தெகொஸ்தே கூட்டங்கள் பலவற்றில் பெண் தீர்க்கதரிசனம் சொல்லலாம், சாட்சி சொல்லலாம்; "பாஸ்டர்" என்ற பெயர்ப்பலகை பெரும்பாலும் கணவருக்கே.

ஒரே சுற்றறிக்கையில் இரண்டு உத்தரவா?

எதிர்ப்பவர்கள் சும்மா எதிர்ப்பதில்லை. கையில் வேதப்புத்தகம் வைத்திருக்கிறார்கள். பெண் உபதேசம்பண்ணவும் ஆண்மேல் அதிகாரம் செலுத்தவும் தாம் இடங்கொடுப்பதில்லை என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறார். கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபம் 14-ம் அதிகாரத்தில், பெண்கள் சபையில் பேசாமலிருக்க வேண்டும் என்கிறார். இதை மழுப்ப முடியாது; இருப்பது இருப்பதுதான். இதை நம்பி நிற்கிற ஒரு தகப்பனாரைப் பிற்போக்குவாதி என்று சொல்லி நகர்ந்துவிடுவதும் நியாயமல்ல.

ஆனால் அதே நிருபத்தின் 11-ம் அதிகாரத்தைப் புரட்டினால், பெண் ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று அதே பவுல் சொல்கிறார். வாயே திறக்கக்கூடாது என்றால் முக்காடு பற்றி விதி எதற்கு? ரயில்வே ஆபீசில் இருபது வருடமாகச் சுற்றறிக்கைகளோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரே சுற்றறிக்கையில் இரண்டு பத்திகள் முட்டினால், ஒன்றை மட்டும் வெட்டியெடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டக்கூடாது. எந்த ஆபீசுக்கு, எந்தக் குழப்பத்தைத் தீர்க்க எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். கொரிந்து சபையில் ஒரே சமயத்தில் பலர் பேசிக் கூச்சல் நடந்தது என்பதை அந்த 14-ம் அதிகாரமே காட்டுகிறது.

இன்னொரு விஷயம். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பெபேயாள் என்ற பெண்மணியைப் பவுல் சிபாரிசு செய்கிறார். அவளுக்கு அவர் கொடுக்கும் கிரேக்கப் பட்டம் "தியாகோனோஸ்". "டீக்கன்" என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான். தன்னைப் பற்றிச் சொல்லும்போதும் பவுல் அதே சொல்லைப் போடுகிறார். பழைய ஆங்கில வேதாகமத்தில் பவுலுக்கு "மினிஸ்டர்" என்றும் பெபேயாளுக்கு வெறும் "சர்வென்ட்" என்றும் பெயர்த்துவிட்டார்கள். நம் தமிழ் வேதாகமம் அப்படி ஓரவஞ்சனை செய்யவில்லை. அவர் ஊழியக்காரன்; இவள் ஊழியக்காரி. அவ்வளவுதான் வித்தியாசம். அப்பொல்லோ என்ற பெரிய பிரசங்கியையே வீட்டுக்கு அழைத்துத் திருத்தமாகக் கற்பித்தவர்களில் பிரிஸ்கில்லாள் ஒருத்தி. உயிர்த்தெழுந்த செய்தியை முதலில் சுமந்துகொண்டு ஓடியது மகதலேனா மரியாள். அதைக் கேட்டு நம்பாமல் உட்கார்ந்திருந்தவர்கள் ஆண் சீஷர்கள்.

நம் ஊர்க் கணக்கு

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த புதுமை என்று ஒரு பேச்சு உண்டு. நம் ஊர்ச் சரித்திரம் வேறு சொல்கிறது.

திருநெல்வேலித் திருச்சபையின் முதல் பக்கத்தில் இருப்பது ஒரு பெண்ணின் பெயர். தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை கிளாரிந்தா, 1778-ல் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் பெற்றார். அவர் எழுப்பிய ஆலயம் 1785-ல் பிரதிஷ்டையாயிற்று. ஊர் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் "பாப்பாத்தியம்மாள் கோயில்". எந்த ஐயரும் நிரந்தரமாக வந்து சேருமுன் அங்கே சபையைக் கூட்டி வைத்திருந்தது அந்த அம்மாள்தான்.

தென் திருவிதாங்கூருக்கு வருவோம். 1819-ல் நாகர்கோவில் வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். லேஸ் பின்னவும் கற்றுக் கொடுத்தார். பின்னல் கூலியைச் சேர்த்து அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. தோள்சீலைப் போராட்டத்தில் சந்தையிலும் சாலையிலும் அடிபட்டதும் துணி கிழிக்கப்பட்டதும் பெண்கள்தான். 1859 ஜூலை 26 அன்று மகாராஜா பிரகடனம் வெளியிட்டு நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதித்தார். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல் அணியக்கூடாது என்ற நிபந்தனையோடு. பிறகு வீடு வீடாகப் போய் எழுத்தும் வேதமும் சொல்லிக் கொடுத்த பைபிள் அம்மாமார்கள் இல்லையென்றால், உள்முற்றத்துப் பெண்களிடம் எந்த மிஷனரியும் போயிருக்க முடியாது.

சபைக்காக அடிபட்டவள் பெண். சபையைப் பெருக்குகிறவள் பெண். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துப் பிடியரிசிக் கலயத்தில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காணிக்கையாகக் கொண்டுபோனவள் என் அம்மா. முப்பது வருடம் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. அவளிடம் வசனம் படித்த பையன்களில் இரண்டு பேர் இன்று ஐயர்மார். அவர்கள் பிரசங்க பீடத்தில் ஏறும்போது அவள் கீழே பாயில் உட்கார்ந்து கேட்டாள். கற்பிக்கலாமா என்று கேட்கிறோம். யார் கற்பித்து நாம் கற்றோம் என்று கேட்பதில்லை.

"பொறுப்பு" உத்தியோகம்

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. மேலே ஒரு இடம் காலியானால், கீழே இருப்பவரை "பொறுப்பு" பார்க்கச் சொல்வார்கள். வேலை முழுவதும் அவர்தான். கையெழுத்து, பொறுப்பு, திட்டு எல்லாம் அவருக்கு. பதவி இல்லை, சம்பள உயர்வு இல்லை. நிரந்தர ஆள் வந்ததும், "நன்றி, உங்கள் சீட்டுக்குப் போகலாம்" என்பார்கள். சபையில் பெண்கள் பார்த்துவந்தது இந்தப் "பொறுப்பு" உத்தியோகம்தான் என்று தோன்றுகிறது.

உலக உதாரணம் ஒன்றும் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, ஜப்பானியர் சூழ்ந்துகொண்டதால் மக்காவிலிருந்த ஆங்கிலிக்க சபைக்குக் குரு போக முடியவில்லை. அங்கே டீக்கனாக இருந்த லீ டிம் ஓய் என்ற சீனப் பெண்மணிக்கு 1944 ஜனவரியில் ஹாங்காங் பேராயர் ஹால் குருப்பட்டம் கொடுத்தார். ஆங்கிலிக்க உலகில் முதல் பெண் குரு அவர். யுத்தம் முடிந்தது; கண்டனம் கிளம்பியது. 1946-ல் அவர் குருவாகப் பணிசெய்யும் உரிமையை விட்டு ஒதுங்கிக்கொண்டார். பட்டத்தை மட்டும் துறக்கவில்லை. குண்டு விழும்போது பெண் குரு செல்லும். சமாதானம் வந்ததும் செல்லாது! பிறகு இங்கிலாந்துத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தது 1994-ல். முதல் பெண் பேராயர் 2015-ல். காண்டர்பரி பேராயராக சாரா முல்லாலி அறிவிக்கப்பட்டது 2025 அக்டோபரில்.

நம் தமிழ் லுத்தரன் திருச்சபைக்கும் காலம் பிடித்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு வந்திறங்கியது 1706-ல். அங்கே வேரூன்றிய சபை முதல் பெண் குருக்களை அபிஷேகம் செய்தது 2006-ல். முந்நூறு வருஷம்.

சொல்லாத காரணம்

விசாரித்துக்கொண்டு போனபோது, வசனத்தைக் காட்டி மறுத்தவர்களில் சிலர், பேச்சு நெருங்கியதும் குரலைத் தாழ்த்தி இன்னொன்றைச் சொன்னார்கள். "மாசத்துல மூணு நாள் இருக்குல்லா?" என்றார் ஒருவர். தீட்டு! வசனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பது பெரும்பாலும் இதுதான். ஆனால் பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கு நிற்காத ஒரு பெண் கூட்டத்தில் புகுந்து தன் வஸ்திரத்தைத் தொட்டபோது, இயேசு தீட்டு என்று விலகவில்லை. மகளே என்று அழைத்துச் சமாதானத்தோடு அனுப்பினார். இந்தப் பேச்சு கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. மேல்மருவத்தூரில் பெண்கள் தாங்களே பூசை செய்கிறார்கள், எந்த நாளிலும். தமிழக அரசின் அர்ச்சகர் பயிற்சியை 2023-ல் மூன்று பெண்கள் முடித்து வெளிவந்தபோதும் இதே முணுமுணுப்புத்தான் எழுந்தது.

அடுத்தது வசதிக் காரணங்கள். இரவில் சாவு விழுந்தால் போவாளா? பிரசவ காலத்தில் யார் பார்ப்பது? ஐந்து வருடத்துக்கு ஒரு மாற்றல் வந்தால் புருஷன் வேலையை விட்டுவிட்டுப் பின்னால் போவானா? இவை உண்மையான கஷ்டங்கள், கேலிக்குரியவை அல்ல. ஆனால் 1980-களின் கடைசியில் சுரேகா யாதவ் ரயில் ஓட்ட வந்தபோது எங்கள் இலாகாவிலும் வரிசை மாறாமல் இதே கேள்விகளைக் கேட்டார்கள். அவர் முழு சர்வீசும் முடித்து 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றார். இரவு டியூட்டிக்கு வழி கண்டுபிடிக்க இலாகாவுக்கு முடிந்தது. நர்சுகளின் இரவு டியூட்டி பற்றிக் கேரளத்துக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

சொத்து விஷயத்தையும் மறந்துவிடக் கூடாது. 1916-ம் வருடத்துத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அது செல்லாது என்றது. அப்போதும் குடும்பம் கெட்டுப்போகும், சபை கெட்டுப்போகும் என்றார்கள். குடும்பமும் இருக்கிறது, சபையும் இருக்கிறது.

படித்துக் காத்திருப்பவர்கள்

கண்ணம்மூலையில் 1943 முதல் நடந்துவரும் கேரள ஐக்கிய இறையியல் கல்லூரியிலும், மதுரை அரசரடியில் 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியிலும் பெண்கள் ஆண்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கிரேக்கமும் எபிரேயமும் படிக்கிறார்கள். பட்டமும் வாங்குகிறார்கள். அதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. அப்படிப் படித்த ஒரு தமிழ்ப் பெண்ணிடம் பேசினேன். தகப்பனார் இங்கே சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதுகிறவர். "குருப்பட்டம் கொடுக்கமாட்டோம் என்று யாரும் சொல்வதில்லை, அண்ணா. கொடுத்த பிறகு எந்தச் சபைக்கு அனுப்புவது என்றுதான் தயங்குகிறார்கள். பெரிய சபைகள், 'எங்களுக்கு வேண்டாம், பக்கத்துச் சபைக்கு அனுப்புங்கள்' என்கின்றன. பக்கத்துச் சபையும் அதையே சொல்கிறது" என்றார்.

இதைக் கேட்டதும் எனக்குத் தெளிவாயிற்று. "முடியாது" என்று சொல்லும் சபைகளோடு வாதம் செய்ய வேதமும் மரபும் இருக்கின்றன. அது அவரவர் மனச்சாட்சி. ஆனால் "முடியும்" என்று சட்டம் எழுதிவைத்த சபைகளிலும் கதவு பாதிதான் திறந்திருக்கிறது. சட்டத்தை மாற்றச் சினாடு போதும். "எதுக்கும் இருக்கட்டும்" என்ற மனத்தை மாற்ற எந்தச் சினாடாலும் முடியாது. அது நம் கையில், சபையோராகிய நம் கையில் இருக்கிறது.

வெளி மாநிலத்தில் பிழைக்க வந்த நமக்கு இது நன்றாகப் புரிய வேண்டும். வேலைக்கு மட்டும் வேண்டும், வரிசையில் பெயர் வேண்டாம் என்று நம்மையும் பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். கட்டிடம் எழும்பியபின் அதன் வாசலில் நிற்கக் கூசுகிற கொத்தனாருக்குத் தெரியாததா இது?

சில மாதங்களுக்கு முன் அந்த விதவையைத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறாள். மகள் ஏழாம் வகுப்பு. ஊரில் இரண்டாம் தடவை ஜெபம் வாசித்தது பற்றிக் கேட்டேன். "அவுங்க திருப்திக்கு வாசிச்சாங்க. எனக்கு இங்க வாசிச்சதே போதும்" என்றாள். பக்கத்தில் நின்ற சிறுமி, "எங்க ஐயர் அடுத்த மாசம் மாறிப் போறாங்க, மாமா" என்று வருத்தப்பட்டாள்.

எந்த ஐயர் என்று ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது. நாங்கள் பதினைந்து பேர் மழையில் நின்று தேடியும் கிடைக்காத சொல் அந்தப் பிள்ளைக்குச் சுலபமாகக் கிடைத்திருந்தது.